அப்பா ஏறாத மூன்றாவது வரி

அன்று பல் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு அடுத்த வரி ஓடாது. அப்பா. அம்மா. நான். அம்மாவின் மடியில் ஐந்து வயதுத் தம்பி. அம்மாவுடன் பிறந்த எங்கள் மாமா, பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிறவர். எங்களுக்குப் பின்னால், அதே பெஞ்சின் ஓரத்தில், ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் அம்மா, கன்னத்தில் துணியை ஒற்றிக்கொண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன டாக்டரம்மா, படித்து முடித்தும் முடிக்காத வயசு. மொத்தம் ஏழு பேர். இந்த ஏழு பேரில் யாராவது ஒருவர் அன்றைக்கு வேறொரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று முப்பது வருஷத்துக்கு மேலாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் கணக்கு கடைசியில் என்னிடம் வந்துதான் நிற்கிறது.

நம் வயதுக்காரர்களுக்குப் பல் ஆட ஆரம்பித்துவிட்டது. உங்களில் சிலருக்கு ஒன்றிரண்டு போயும் இருக்கும். முறுக்கு கடிக்க முடியவில்லை, ஐஸ் தண்ணீர் கூசுகிறது என்று பேசிக்கொள்கிறீர்கள். எனக்குப் பல் என்றால் நினைவுக்கு வருவது சாப்பாடு இல்லை, டிரம்பெட். நான் எட்டாவதோடு நின்றவள். பள்ளியில் படித்தது மலையாளம், தமிழ் எழுத்து ஞாயிறு பள்ளியில் கூட்டிக்கூட்டிக் கற்றது. அதனால் கோவையாக வராது. முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால் எங்கள் ஒற்றை அறை. அரிசி மண்டிகளின் கோணி வாசம் முடிந்து, கயிறுக் கடைகளின் வாசம் தொடங்குகிற சந்து. அப்பா மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்பே திருவனந்தபுரம் வந்து பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதச் சேர்ந்துவிட்டார். பன்னிரண்டு பேர் செட். கிளாரினெட் ஊதுகிறவர்தான் மாஸ்டர், செட்டுக்குச் சொந்தக்காரர். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் சரிகைக் கயிறு, உச்சியில் குஞ்சம் வைத்த தொப்பி. கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், கல்யாணம் எல்லாவற்றுக்கும் போவார்கள். ஆனால் வருஷம் முழுக்க அடுப்பு எரிந்தது சாவு வீட்டுக் காசில்தான். கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலத்துக்கு முன்னால் பேண்டு நடந்து போவது அங்கே வழக்கம்.

பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே எங்கேயாவது டிரம் சத்தம் கேட்டால் போதும், பக்கத்தில் இருக்கிறவள் என் விலாவில் இடிப்பாள்.

"நின்றெ அச்சன் போகுன்னு. ஆரோ மரிச்சு."

உன் அப்பா போகிறார், யாரோ செத்துவிட்டார்கள் என்று. மரணப் பேண்டு என்பது என் பட்டப்பெயர். மதியச் சோற்றை நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர்கள் ஒதுக்கினார்களா, நானே ஒதுங்கினேனா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்தச் சத்தம் எனக்கு வேறு ஒன்றுக்கு உதவியது. சின்ன வயசிலேயே எனக்குப் பயம் அதிகம். அப்பா பஸ்ஸில் அடிபட்டிருப்பார், அம்மா கிணற்றடியில் வழுக்கியிருப்பாள் என்று நாள் முழுக்க ஏதாவது ஓடும். டிரம்பெட் கேட்கிறவரை அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று தெரு தள்ளிப் போனாலும் அது அப்பாவின் ஊதல்தான் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் பாட்டில் உயரமான இடத்துக்குப் போனால் தொட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அப்பா அங்கே போய் நிற்பார். அவசரமே இல்லாமல் நிற்பார். அவர் அங்கே நிற்கிறவரை என் பயம் கொஞ்சம் விலகும். அவர் இறங்கியதும் திரும்பிவிடும்.

வித்துராவுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் உற்சவம். தை மாதம். செட் முழுவதும் ஒரு டெம்போவின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு போயிற்று. இதை மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும், நூறு தடவை சொல்லியிருக்கிறார். வண்டி ஓடும்போது வாத்தியத்தை உதட்டில் வைக்கக் கூடாது. ஊதுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம் அது. அன்றைக்கு வழியில் பள்ளிப் பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அத்தான், பிள்ளைங்க நிக்குது பாருங்க. ஒரு துண்டு எடுத்து விடுங்க" என்றாராம் மாமா.

அப்பா எடுத்து விட்டார். பிள்ளைகள் குதித்தார்கள். இரண்டாவது வளைவில் வண்டி ஒரு கட்டரில் இறங்கியது. சாலையில் விழுந்த குழியை அங்கே கட்டர் என்பார்கள். டிரம்பெட்டின் முன்பக்கம் டெம்போவின் கம்பியில் மோத, உதட்டில் இருந்த மவுத் பீஸ் அப்படியே பல்லில் இடித்தது. மேல்வரிசை நடுப்பல் இரண்டு. விழவில்லை, ஆடியது. கர்ச்சீப்பில் இரத்தத்தைத் துடைத்துவிட்டு அப்பா அன்று சாயங்காலம் முழுக்க ஊதினார். மாஸ்டரிடம் சொல்லவில்லை. சீசன் தொடங்கிய நேரம், சொன்னால் ஆளை மாற்றிவிடுவார்.

மாஸ்டருக்கும் முன்னால் கண்டுபிடித்தது நான். உயரத்தில் நிற்கும்போது ஓரத்தில் ஒரு புஸ் சத்தம், சைக்கிள் ட்யூபில் ஊசி ஓட்டை விழுந்த மாதிரி. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் அதைத் தலைக்குள்ளே வைத்துக்கொண்டு திரிந்தேன். பல்லைத் தூண்டில் நரம்பால் பக்கத்துப் பல்லோடு கட்டிக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். பிறகு ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. காய்ச்சல் வந்தது. அம்மாதான் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அப்பாவுக்கு வாயைத் திறந்து பேச முடியவில்லை. அம்மாவின் மலையாளம் மீன்காரியோடு நிற்கும். ஆகவே டாக்டரம்மா கேட்டதெல்லாம் என்னிடம். பேர், வயசு, சர்க்கரை வியாதி உண்டா. பிறகு எழுதிக்கொண்டே கேட்டாள்.

"அச்சனு எந்தா ஜோலி?"

அப்பாவுக்கு என்ன வேலை. எனக்குப் பின்னால், என்னை விலாவில் இடிக்கிறவளின் அம்மா உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் துணி, ஆனால் காது எங்கள் பக்கம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாலையில் கடையிலாணு" என்றேன்.

சாலையில் கடை வேலை. டாக்டரம்மா அப்படியே எழுதினாள். மாமா வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள், ஆனால் திருத்தவில்லை. அவளுக்கும் அந்த வார்த்தை பிடித்திருந்தது என்று எனக்கு அப்போதே தோன்றியது. கடை வேலை. கேட்க மரியாதையாக இருந்தது.

இரண்டு பல்லும் இளகிவிட்டது, ஒன்று நிச்சயம் எடுக்க வேண்டும், இன்னொன்றை என்ன செய்யலாம் என்று டாக்டரம்மா யோசித்தாள். யோசித்தாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பேனாவால் மேசையை இரண்டு தடவை தட்டினாள். அம்மா என் காதில் சொன்னாள்.

"ரெண்டையும் எடுக்கச் சொல்லு பிள்ளே. ஒண்ணை வச்சிட்டு இன்னொரு நாள் கூலியும் போக்கி இங்க வந்து கிடக்க முடியாது."

சொன்னேன். எடுத்தார்கள்.

டிரம்பெட் என்று நான் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது பல்லுக்குக் கம்பி கட்டிப் பார்த்திருப்பாளா? பிற்காலத்தில் இரண்டு பல் டாக்டர்களிடம் வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டிருக்கிறேன். ஒருவர் கட்டலாம் என்றார். இன்னொருவர் சீழ் வைத்த பிறகு என்ன கட்டினாலும் நிற்காது என்றார். மூன்றாவது ஒருவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா பஞ்சைத் துப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். டிரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்தார், ஊதவில்லை. மவுத் பீஸ் சாய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. உதடு உள்ளே போயிற்று. கழற்றி, துடைத்து, தம்பியின் பழைய சாக்ஸுக்குள் மவுத் பீஸைப் போட்டு வைத்தார்.

"பல் செட்டு வச்சா சரியாயிரும்" என்றாள் அம்மா.

"ஆமா" என்றார் அப்பா. வாயில் காற்று போனதால் அது ஆமா போல் கேட்கவில்லை. தம்பி சிரித்தான். அவரும் சிரித்தார்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தது மூன்றாம் நாள். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

"ஏண்டே, வண்டியில போவும்போ ஊதப்பிடாதுன்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? கிறுக்கா உனக்கு?"

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார். மாமா கதவருகே நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சிம்பல் அடி. பாதிக் கூலி. பல்லு வந்தா பாப்போம். நெய்யாற்றின்கரையில இருந்து ஒருத்தனை வரச் சொல்லியிருக்கேன்."

சிம்பல் என்பது இரண்டு பித்தளைத் தட்டு. நேரம் பார்த்து இடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பல் வேண்டாம்.

அந்த வாரத்தில்தான் டீச்சரம்மா. அவர் வீடு கல்லறைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. தமிழ்ப் பள்ளியில் நாற்பது வருஷம் வாத்திச்சி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் துபாயில். அவருக்கு இழுப்பு நோய். நெஞ்சு எப்போதும் விசிலடித்துக்கொண்டே இருக்கும். எந்தச் சவம் போனாலும் அவர் கேட்டில் வந்து நிற்பார். செத்தவருக்காக என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

அப்பாவும் நானும் யூனிபார்மை இஸ்திரிக்குக் கொண்டு போனபோது கூப்பிட்டார்.

"டிரம்பெட்காரா, இங்க வா. வாயில என்ன துண்டு? பல்வலியா?"

அப்பா தலையாட்டினார். பொய் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை.

"நல்லது, பேசாம கேளு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பையன் வருவான். வந்து தலைமாட்டில டேப் ரிக்கார்டரை வச்சுப் பாட்டுப் போடுவான். அவனுக்கு எல்லாம் சுருக்கமா முடியணும். எனக்கு அது வேண்டாம். நீ வாசிக்கணும். சாவுக்கு வாசிக்கிற பாட்டு இல்ல. அறுவடை முடிஞ்சு சர்ச்சில அறுப்பின் பண்டிகைக்குப் பாடுவோமே, அந்தக் கீர்த்தனை. மூணாவது வரியில மேல போவியே, அது."

அப்பா துண்டை வாயில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"நாப்பது வருஷம் பிள்ளைங்களைப் பாட வச்சிருக்கேன். பெரியவங்க, கொயர், எல்லாரும் பாடிக் கேட்டிருக்கேன். அந்த இடத்துக்கு ஏறினதும் யாரோ துரத்துற மாதிரி இறங்கிடுவாங்க. நீ ஒருத்தன்தான் நிக்கறே. நீ நிக்கிற நேரம் எனக்கு மூச்சு ஒழுங்கா வருது. டாக்டர்கிட்ட சொன்னா சிரிக்கிறான்."

உள்ளே போய் இருநூறு ரூபாய் கொண்டு வந்தார். நான்கு ஐம்பது ரூபாய் நோட்டு.

"அட்வான்ஸ். பாக்கியைப் பையன் தருவான், எழுதி வச்சிடறேன். வாசிப்பியா? வாயைத் திறந்து சொல்லேன்."

அப்பா தலையாட்டினார்.

தெரு திரும்பியதும் திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை நின்றார். வீட்டில் அம்மாவிடம் நீட்டினார், கொடுத்துவிட்டு வா என்று. அம்மா எண்ணிப் பார்த்தாள்.

"பல் செட்டுக்கு வேற எங்க போவீங்க? இதைக் கொடுத்துப் பல்லு வைங்க. பல்லு வச்சு ஊதிக் கழிச்சிருங்க. அவங்க காசுல வச்ச பல்லு, அவங்களுக்கே ஊதுங்க. இதுல என்ன தெற்று?"

தப்பு என்ன என்று கேட்டாள். காசு அன்று சாயங்காலமே புத்தன்சந்தைப் பக்கம் பல் செட்டு செய்கிறவரிடம் போய்விட்டது.

ரோஸ் நிறத்தில் ஒரு தகடு, அதில் இரண்டு பல். பேச நன்றாக இருந்தது, சிரிக்க அதைவிட நன்றாக இருந்தது. ஊதினால் தகடு மேலண்ணத்திலிருந்து கழன்று நாக்கில் விழுந்தது. அப்பா பகலில் கைவண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் போய்ப் பழகினார். டிரம்பெட்டின் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு ஊதுவார். முதலில் ஒரு சத்தம், பிறகு கடகட என்று பல்லின் சத்தம்.

"அத்தான், பாட்டுக்குப் பல்லு தனியா தாளம் போடுது. எனக்கு வேலை இல்லாமப் போயிரும் போல" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார். மாமாவுக்குத்தான் கண் கலங்கியது, அவர்தானே ஊதச் சொன்னவர்.

தகட்டை ஒட்டவைக்க என்னென்னவோ செய்தோம். மைதாப் பசை. மெழுகுவர்த்தி. தம்பி மென்று துப்புகிற சூயிங்கம்தான் கடைசியில் கொஞ்ச நேரம் நின்றது. தினமும் பத்துப் பைசா கொடுத்துத் தம்பியை மெல்ல வைப்பது என் வேலை. இனிப்பு போகும்வரை மெல்ல வேண்டும், இனிப்பு இருந்தால் வழுக்கும். கீழே உள்ள வரிகள் வந்தன. மூன்றாவது வரி வரவில்லை. ஏறும்போது காற்று பலமாகப் போக வேண்டும், பலமாகப் போனால் சூயிங்கம் விட்டுவிடும். நான் கைவண்டியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

டீச்சரம்மா அந்த மாதங்களில் படுக்கையில் விழுந்துவிட்டார். கேட்டுக்கு வருவதில்லை. ஒருநாள் நான் பள்ளி விட்டு வரும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"காலையில பேண்டு போச்சே. ஊதினது உங்க அப்பா இல்ல. யார் அது? ஓடறான்."

சிம்பல் அடித்துக்கொண்டு அப்பா அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போயிருந்தார். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு.

"அப்பாவுக்குப் பனி" என்றேன். காய்ச்சல் என்று. இரண்டாவது பொய்.

"குணமாகட்டும். நான் அதுவரைக்கும் இருந்துக்கறேன்" என்றார். நெஞ்சு விசிலடித்தது. சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்கும் வராமல் பழகினார். உதட்டின் உள்பக்கம் முழுக்கப் புண்.

டீச்சரம்மா அதுவரைக்கும் இருக்கவில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் போய்விட்டார். மகன் துபாயிலிருந்து மறுநாள் வந்தார். மூன்று மணிக்கு எடுப்பது என்று சபையில் சொன்னார்கள். மாஸ்டருக்கு ஆள் வந்தது. அப்பா சிம்பலை எடுக்காமல் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு போனார். நானும் தம்பியும் பின்னாலேயே போனோம், தம்பி மென்றுகொண்டே வந்தான்.

முற்றத்தில் மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"அதை எதுக்குடே கொண்டு வந்தே?"

"ஒரு பாட்டு எனக்குள்ளது மாஸ்டர். அட்வான்ஸ் வாங்கியிருக்கேன்."

"உன்னால ஏறுமா?"

"ஏறும்."

"ஏறலைன்னா செட்டுக்குத்தான் கேடு."

அதற்குள் மகன் வந்தார். கையில் அம்மாவின் வேதப்புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு தாள். டிரம்பெட்காரருக்கு இருநூறு கொடுத்திருக்கிறது, வாசித்தபின் முந்நூறு கொடுக்கவும் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு மாஸ்டரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கல்லறை வாசல் வரை வழக்கமான பாட்டுகள். அப்பா வரிசையின் ஓரத்தில் வெறுமனே நடந்தார். மழை விட்டிருந்தது, மரம்தான் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் பெட்டியை இறக்கினார்கள். மாஸ்டர் கையைக் காட்டினார். அப்பா தம்பியிடம் கையை நீட்டினார், தம்பி துப்பினான். திரும்பி நின்று தகட்டை ஒட்டிக்கொண்டார்.

முதல் வரி நன்றாக வந்தது. துணி திணிக்காமல் எவ்வளவு நாளைக்குப் பிறகு கேட்கிறேன். இரண்டாவது வரியில் அந்தக் கடகட சத்தம் லேசாகக் கேட்டது, எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். இரண்டாவது வரி முடிந்ததும் அப்பா வாத்தியத்தை இறக்கினார். தகட்டை நாக்கால் தள்ளி உள்ளங்கையில் துப்பி, பார்க்காமலே என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. பல் இல்லாத வாயின் ஓரத்தில், கடைவாய்ப் பக்கம் மவுத் பீஸை வைத்து அழுத்திக்கொண்டு மூன்றாவது வரிக்கு ஏறினார்.

பாதியில் சத்தம் இரண்டாகப் பிளந்தது. தகரம் கிழிகிற மாதிரி ஒன்று. பிறகு வெறும் காற்று. பிறகு அதுவும் இல்லை. டிரம்பெட் உதட்டில்தான் இருந்தது, அப்பாவின் கன்னம் உப்பியபடிதான் இருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை. மாமா கோலைத் தூக்கியவர் அடிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குத் தோன்றியது, அப்பா செத்துவிட்டார் என்று.

பிறகு நான்காவது வரியைக் கீழே எடுத்தார். மெதுவாக, உடைந்து உடைந்து முடித்தார்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தால் கூட்டம் அழுதுகொண்டிருந்தது. சபையில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சரம்மாவின் மகன் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கினார்.

எல்லாம் முடிந்து அவர் அப்பாவிடம் வந்தார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா எழுதி வச்சது எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. அந்த எடத்துல நிறுத்தினீங்களே. என்னால நிக்க முடியலைங்க. வந்ததுல இருந்து நான் அழவே இல்லை."

அப்பா சொன்னார், பல் இல்லாமல், ஆகவே பாதிதான் கேட்டது.

"அது நிறுத்தினது இல்ல சார். அங்க நான் ஏறணும். ஏற முடியலை."

"அதேதான். அதைத்தான் சொல்றேன்" என்றார் அவர்.

கவரை நீட்டினார். அப்பா வாங்கவில்லை. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, மாஸ்டரிடமும் மாமாவிடமும் கேட்டு அங்கேயே இருநூறு ரூபாய் திரட்டிக்கொண்டு வந்தார். அதை மகன் வாங்கவில்லை.

"அம்மா குடுத்ததை நான் திரும்ப வாங்குறதா? என்ன பேசறீங்க?"

கவரும் திரும்பிப் போயிற்று, இருநூறும் கடன் வாங்கியவர்களிடமே திரும்பிப் போயிற்று. நான்காம் நாள் அவர் துபாய்க்குப் போய்விட்டார்.

அம்மா இரண்டு மாதம் அந்த முந்நூறைப் பற்றிப் பேசினாள்.

"ஊரே அழுதிருக்கு. மாஸ்டரே வந்து நல்லாயிருந்துன்னாரு. உங்களுக்கு மட்டும் என்ன? நல்லாயிருக்கா இல்லையான்னு கேக்குறவங்களுக்குத்தானே தெரியும்?"

"கேக்குறவங்க பெட்டிக்குள்ள இருந்தாங்க" என்றார் அப்பா. "அவங்க கேட்டிருந்தா ஜன்னலைச் சாத்தியிருப்பாங்க."

அதற்குப் பிறகு அவர் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை, சிம்பலைக்கூட. டிரம்பெட்டை மாஸ்டரே பழைய விலைக்கு எடுத்துக்கொண்டார். ஓணத்துக்கு முன்னால் அப்பா சாலையில் ஒரு ஆணிக் கடையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். பல் ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய் ஆறு மாதத்துக்குள் உண்மையாகிவிட்டது. இதை நான் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ, அந்த பெஞ்சில் அவரும்தானே இருந்தார். ஒருவேளை மகள் அப்படிச் சொன்னது அவர் காதில் பல்வலியைவிட மோசமாக விழுந்திருக்கலாம். இது எனக்குத் தோன்றியதே நாற்பது வயசுக்குப் பிறகுதான். தோன்றாமல் இருந்திருக்கலாம்.

அந்த இருநூறை என்ன செய்வது என்று அவருக்கு எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. காணிக்கைப் பெட்டியில் போடுங்கள் என்றாள் அம்மா. அது சபைக்குள்ள காசு, இது பாட்டுக்குள்ள காசு என்றார். டீச்சரம்மாவின் வீடு விற்றுப்போயிற்று, மகனின் விலாசமும் கிடைக்கவில்லை. அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. போவதற்கு முந்தின மாதம்கூட, கிடைச்சா கொடுத்திரு பிள்ளே என்றார்.

போன வருஷம் மகனின் நம்பர் கிடைத்தது. துபாய் எல்லாம் முடிந்து கோயம்புத்தூரில் பிள்ளைகளோடு இருக்கிறார். கூப்பிடுவதா வேண்டாமா என்று பதினொரு நாள் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டேன். டிரம்பெட்காரர் மகள் என்றதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"உங்கப்பா அந்த மூணாவது வரியில நிறுத்தினாரே" என்றார். "அதுக்கப்புறம் அந்தக் கீர்த்தனையை எத்தனையோ பேர் பாடிக் கேட்டுட்டேன். எல்லாரும் அவங்க பாட்டுக்கு மேல போயிடறாங்க. ஒருத்தரும் அங்க நிறுத்தலை. என் பேத்தி கீபோர்டு வாசிக்கிறா, அவகிட்ட நிறுத்தச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"சார், அது பல்லு. அப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல. அன்னைக்கு ஏறலை. உங்கம்மா கேட்டது அந்த இடத்துல மேல போய் நிக்கணும்னு. அதுக்குத்தான் காசு கொடுத்தாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது, நீளமான சிரிப்பு, முடிவில் அவர் அம்மா போலவே இருமல்.

"எங்கம்மா பொல்லாதவ. தெரிஞ்சிருந்தா எந்திரிச்சு வந்து காசைத் திருப்பிக் கேட்டிருப்பா."

"அதான் சார் அப்பாவும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"அப்ப சரி" என்றார். குரல் மாறியிருந்தது. "உங்கப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். அனுப்புங்க, வாங்கிக்கிறேன்."

இருநூறு ரூபாய் இன்று ஒரு பொருட்டில்லை. என் மகன் மொபைலில் ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிடலாம் என்கிறான். தினமும் கேட்கிறான், அனுப்பட்டுமா அம்மா என்று. அனுப்பிவிட்டால், அன்று கல்லறை வாசலில் அப்பா வாசித்தது வாசிப்பே இல்லை என்று நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தப் பேத்தி அங்கே என்ன செய்வாள் என்றும் தெரியவில்லை, நிறுத்துவாளா, ஏறிப் போய்விடுவாளா. அனுப்பாவிட்டால் அப்பா கடைசியாகச் சொன்னதை நான் செய்யாமல் விட்டதாகிவிடும். நாளைக்கு அனுப்பு என்கிறேன். மறுநாளும் அதையே சொல்கிறேன். இதை எழுதுகிற இன்றைக்கும் கொடுக்க வேண்டியது இருநூறு ரூபாய்.